சுரங்கமும் இருதயமும்

யுரேனியச் சுரங்கத்தில் உழைப்பவனுடைய நுரையீரலுக்கு ஆபத்து உண்டு என்பது பழைய செய்தி. ஜெர்மனியில் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளிகளைக் கொன்றுவந்த வியாதி நுரையீரலில் உண்டாகும் புற்று என்று 1879-ஆம் ஆண்டிலேயே இரு வைத்தியர்கள் எழுதினார்கள். பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுவே அதற்கு முக்கிய காரணம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

அப்படியானால் இருதயத்தின் கதி என்ன?

கிழக்கு ஜெர்மனியில் 1946 முதல் 1990 வரையில் விஸ்முட் என்ற ஸ்தாபனம் யுரேனியம் எடுத்துவந்தது. அங்கே உழைத்த சுமார் 59,000 ஆடவர்களின் ஆயுள் விவரங்களை ஆராய்ச்சியாளர் திரட்டினார்கள். ரேடானை அதிகம் சுவாசித்தவர்களிடையே நுரையீரல் புற்று மிகுந்திருந்தது. ஆனால் இருதய மரணம் அவ்விதம் மிகுந்ததாக 2006-இல் வெளியான கணக்கில் காணவில்லை.

உடனே, "இருதயத்துக்குச் சுரங்கத்தால் தீங்கில்லை" என்று தீர்ப்புக் கூறலாமா? கூடாது. அவர்களில் பலருடைய புகைபிடிக்கும் பழக்கத்தைப் பற்றிக் குறிப்பே இல்லை. மேலும், சுரங்கத்தில் இருப்பது ரேடான் மட்டுமன்று. ஆரம்ப வருஷங்களில் நீர் விடாமலே பாறையைத் துளைத்தார்கள். அந்தக் கல்தூள் படிந்து நுரையீரல் தழும்பேறிவிட்டால், அதனூடே ரத்தத்தைச் செலுத்தும் வலப்பக்க இருதயம் அளவுக்கு மீறி உழைத்து ஓய்ந்துபோகும்.

"நிரூபணமாகவில்லை" என்பது ஒன்று. "தீங்கில்லை" என்பது வேறு. நஷ்டஈடு கேட்டு நிற்கும் விதவையிடம் முன்னதைச் சொல்லுகிறவர், பின்னதையும் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்ளலாகாது.