‘ஓனர் ரிஸ்க்’னு போர்டு போட்டா போதுமா பாஸ்?



இந்த வாரம் கேன்டீன், கல்ச்சுரல்ஸ், அரியர் எல்லாத்துக்கும் லீவு. நேரா வண்டி மேட்டருக்கு வருவோம். உங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டில் இந்த ஆர்டர் வந்திருக்கும்: “லைசென்ஸ் எடுத்துட்ட இல்ல? காரை சர்வீஸுக்கு விட்டுட்டு வாடா.” நீங்க எம்.சி.சி.யா இருக்கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யா இருக்கலாம், தினமும் பொத்தேரிக்கு டிரெயின் பிடிக்கிற ஆளா இருக்கலாம். அப்பா சாவியைக் கையில் கொடுக்கிற அந்த நொடி செம கெத்துதான். சாயங்காலம் வண்டியைத் திரும்ப எடுக்கும்போதுதான் இருக்கிறது கதை.

எனக்கு அது நடந்தது ஒரு சனிக்கிழமை. ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம், விடுங்க. காலையில் அவசரமாக விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறரைக்குப் போனேன். வாட்டர் வாஷ் முடிந்து, ஈரம் சொட்டச் சொட்ட வண்டி பளபளன்னு நின்றது. நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கேட்டைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தினால்... பின் பம்பர் ஓரத்தில் ஒரு ஜான் நீளத்துக்குக் கீறல். இடது பக்கப் பின் கதவில் ஒரு நசுக்கல்.

திரும்ப உள்ளே ஓடினேன். அட்வைசர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையிலேயே நான் காலி. அன்றைக்கு அவர் சொன்ன மூணு டயலாக்கும் எனக்கு இன்னும் மனப்பாடம். நாளைக்கு உங்களுக்கும் இதே மூணுதான் வரும். அதனால ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.

டயலாக் 1: “இது முன்னாடியே இருந்தது சார்!”

இதுக்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் நான் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. ஜாப் கார்டில் கார் படம் ஒன்று போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீங்க. எங்கே கீறல், எங்கே நசுக்கல் என்று குறிக்கிற இடம் அது. என் கார்டில் அது காலியாக இருந்தது. அது காலியாக இருந்தது எனக்குச் சாதகம் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது!

ஸோ, ரூல் நம்பர் ஒன்று. வண்டியை விடும்போது சுற்றி வந்து ஒரே டேக்கில் ஒரு வீடியோ எடுங்க. நாலு மூலை, கதவுகள், வீல், உள்ளே டேஷ்போர்டு, கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் முள், ஸ்டெப்னி, டூல்ஸ். அட்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஜாப் கார்டில் பழைய கீறலை நேர்மையாகக் குறிக்கச் சொல்லுங்க. பழசைக் குறித்தால்தான் புதுசு புதுசாகத் தெரியும். காப்பி ஒன்று வாங்கிக்குங்க, இல்லையென்றால் போட்டோவாவது எடுத்துக்குங்க.

எடுக்கும்போது வெளிச்சம் இருக்கும்போதே போங்க. ஈரமான பெயின்டில் மெல்லிய கீறல் தெரியாது. ஒரு துணி வாங்கித் துடைத்துப் பாருங்க. கிலோமீட்டர் எவ்வளவு கூடியிருக்குன்னு பாருங்க. டெஸ்ட் டிரைவ் நாலைந்து கிலோமீட்டர் சகஜம். நாற்பது ஓடியிருந்தால் அது டெஸ்ட் டிரைவ் இல்லை, வண்டலூர் டூர்! அப்புறம் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஜாக்கியைச் சரியான இடத்தில் வைக்காமல் தூக்கினால் கதவுக்குக் கீழே இருக்கிற தகடு மடங்கிவிடும். ஏர் கன் வைத்து ஓவராக முடுக்கினால் வீல் நட்டு மரை போய்விடும். ஆயில் டிரெயின் போல்ட்டிலும் அதே கதைதான். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கான்னு பார்த்துடுங்க.

டயலாக் 2: “இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார், உங்களுக்கு ஒரு செலவும் இல்ல!”

கேட்க எவ்வளவு இனிமையா இருக்கு, இல்ல? நானும் கிட்டத்தட்ட தலையாட்டிட்டேன். ஆனால் அது யாருடைய இன்சூரன்ஸ்? அப்பாவுடையது. ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால், ரின்யூவலின்போது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. அதுதான் நோ கிளெய்ம் போனஸ். அப்புறம் 25, 35, 45 என்று ஏறி, அஞ்சு வருஷத்தில் 50 சதவிகிதம் ஆகும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், அந்த போனஸைக் காப்பாற்றுகிற ஆட்-ஆன் எடுத்திருந்தாலொழிய, பரமபத பாம்பு மாதிரி நேரா பூஜ்யத்துக்கு இறங்கிடும். ‘ஃபைல் சார்ஜ்’ என்று சொல்கிற கழிவுத் தொகையும் நம்ம பாக்கெட்டில்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. கிளெய்ம் ஃபாரத்தில் எப்படி அடிபட்டது என்று எழுதணும். “வீட்டு கேட்டில் இடிச்சுட்டேன்னு எழுதிக்கலாம் சார்” என்பார்கள். பொய்யை எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கணும். மாட்டினால் கிளெய்ம் போவது மட்டுமில்லை, பொய் சொன்னவர் என்ற பேர் அப்பாவுக்கு. வண்டி சரிபார்க்கிற தொழிலில் இருப்பவர்களுக்கென்றே தனி இன்சூரன்ஸ் பாலிசி இருக்கு. அவங்க உடைச்சதுக்கு அவங்க பாலிசியைத் தேடட்டும்.

டயலாக் 3: “பையன் சம்பளத்துல புடிச்சிடுவாங்க சார்...”

இதுதான் பாஸ் என்னைச் சாய்த்தது. தூரத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். என்னைவிடச் சின்னவன். யூனிஃபார்ம் முழுக்க கிரீஸ். வண்டியை ரிவர்ஸ் எடுத்தவன் அவன்தானாம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சண்டை போடுவது? “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவும் இல்லை. இடது பக்கம் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது அவரே பார்த்தார். அஞ்சு வருஷம் இ.எம்.ஐ. கட்டின வண்டி. கத்துவார் என்று காத்திருந்தேன். “எங்கிட்ட ஏன்டா சொல்லல?” என்று மட்டும் கேட்டார். கீறலைவிட அதுதான் வலித்தது.

அப்புறம் அவரே உட்கார்ந்து சர்வீஸ் மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதினார். அதில் ஒரு வரி: வண்டியை ஓட்டிய ஊழியர்மீது எங்களுக்குப் புகார் இல்லை, பொறுப்பு நிறுவனத்துடையது. படித்ததும்தான் எனக்கு உறைத்தது. நாம் சாவியைக் கொடுத்தது அந்தப் பையனிடம் இல்லை, கம்பெனியிடம். வேலை நேரத்தில் ஊழியர் செய்கிற தவறுக்கு முதலாளிதான் பதில் சொல்லணும். இடநெருக்கடியில் இருபது வண்டியை அடைத்து வைத்து, அவசர அவசரமா எடுக்கச் சொன்னது அந்தப் பையனா? அவனைக் கேடயமாக முன்னால் நிறுத்துகிறவர்களைப் பார்த்து நாம் இரக்கப்படத் தேவையில்லை. அவனுக்காக இரக்கப்படுவோம், லெட்டரையும் எழுதுவோம். ரெண்டும் ஒண்ணா முடியும்.

பத்து, பன்னிரண்டு நாள் கழித்து பம்பரை மட்டும் இலவசமாக பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கதவுக்கு நோ. நான்தான் ‘முழு திருப்தி’ என்று சிலிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தேனே! அந்தச் செலவு எங்களோடது.

சரி, அந்த போர்டு?

ரிசப்ஷனில் ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. ஜாப் கார்டின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்திலும் இருக்கும். ‘வண்டிகள் உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகின்றன’. அதாவது ஓனர் ரிஸ்க். அதைக் காட்டினதும் நம்மாளுங்க கப்சிப். ஆனால் டெல்லியில் ஒருத்தர் கப்சிப் ஆகவில்லை.

1998 ஆகஸ்ட்டில் அங்கே தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென்னில் போனார். பார்க் பண்ணச் சொல்லி சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தால் வண்டி திருட்டு. பார்க்கிங் டோக்கனில் ‘ஓனர் ரிஸ்க்’ என்று அச்சடித்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து ஹோட்டல்மீது வழக்குப் போட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சாவியை வாங்கி வண்டியை உங்க கைக்குக் கொண்டு போயிட்டீங்க. அதை வாங்கின நிலையிலேயே திருப்பித் தரணும். முடியலைன்னா, நாங்க ஒழுங்காத்தான் பார்த்துக்கிட்டோம்னு முதலில் நீங்க நிரூபிக்கணும். அதைச் செய்யாமல் டோக்கன் வாசகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. இதுதான் சாராம்சம்.

அது ஹோட்டல் திருட்டு கேஸ்தான். ஆனால் அடிப்படைச் சட்டம் நமக்கும் அதேதான். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. பிறர் பொருளை நம்பி வாங்கி வைத்திருப்பவர், தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமான ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ளணும். லாண்டரியில் கொடுத்த சட்டைக்கும் இதுதான், உங்க பைக்குக்கும் இதுதான்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது...

சேதத்தைப் பார்த்ததும் வண்டியை கேட்டுக்கு வெளியே எடுக்காதீங்க. அங்கேயே போட்டோ எடுங்க. சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மெயிலில் கேளுங்க, அது சீக்கிரம் மேலே மேலே பதிவாகிப் போயிடும். பில்லைக் கட்டாமல் சண்டை போட்டால் வண்டியைப் பிடித்து வைக்க அவங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கு. அதனால பில்லைக் கட்டுங்க. ஆனால் ‘இந்தச் சேதத்தைச் சுட்டிக்காட்டி, ஆட்சேபத்துடன் பணம் கட்டுகிறேன்’ என்று அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ‘திருப்தி’ சிலிப்பில் கையெழுத்து... மூச்!

அன்றைக்கே சர்வீஸ் மேனேஜருக்கும், கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் போட்டோவோடு மெயில். போனில் பேசியது காற்றோடு போகும், எழுதினதுதான் நிற்கும். பதில் இல்லையா? 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். தமிழிலேயே பேசலாம். அதுக்கும் அசையலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை ஆட்களுக்குச் செங்கல்பட்டு. வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்றால் சென்னை. சேவைக்கு நீங்க கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள் போடணும். அவ்வளவுதான். தீர்ப்புக்குக் கொஞ்சம் பொறுமை வேணும், அது வேற விஷயம்.

கடைசியா ஒண்ணு. வண்டியில் கீறல் விழுந்தால், முதல் போன் அப்பாவுக்குப் போகட்டும். திட்டுவார்னு பயந்து நான் தள்ளிப் போட்ட ஒரு ராத்திரியில்தான் மொத்தக் கேஸும் வீக் ஆச்சு. திட்டு அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சிடும் பாஸ். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் இன்னமும் கேட்குது.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். அதுக்குள்ளே சர்வீஸுக்கு வண்டி விடுறவங்க, போன்ல சார்ஜ் இருக்கான்னு பார்த்துக்குங்க!