வெறுந் தாங்கியை நம்பலாமா?

நுவரெலியாவிலிருந்து மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னரே அட்டன் நோக்கிப் புறப்படும் பழைய கெப் வண்டிகளை நம்மவர் நன்கறிவர். அவற்றுள் ஒன்று என் மாணவனொருவனின் தந்தையாருடையது. தலவாக்கலைக்கு அப்பாலுள்ள ஏற்றத்திலே அது அடிக்கடி நின்றுவிடலாயிற்று. “இயந்திரம் கெட்டுவிட்டது ஐயா” என்று அவர் வருந்தினார். உண்மையிற் கெட்டிருந்தது இயந்திரமன்று, எரிபொருள் தாங்கியே.

இதற்கு மலைநாட்டுக் குளிரும் ஒரு காரணமாகும். பாதி வெறுமையான தாங்கியினுட் புகும் ஈரக்காற்று, இரவுக் குளிரில் நீர்த்துளிகளாகின்றது. டீசலிலும் நீர் கனமானதாதலின் அடியிலே தங்கி, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. அத்துரு வடிகட்டியை அடைத்துவிடுகின்றது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, வாராந்தப் பங்கீட்டை நம்பிப் பல வண்டிகள் குறைத் தாங்கியுடனேயே ஓடியதை நாம் மறந்துவிடவில்லை.

வீட்டிலே செய்யத்தக்கவை சில உள. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, இயந்திரம் ஆறியபின் பற்றரியின் இணைப்பைக் கழற்றுக. அருகில் விளக்கோ சுருட்டோ ஆகாது. தாங்கியின் அடித்திருகைத் தளர்த்தி, வடிவதை உலோகப் பாத்திரத்தில் ஏந்துக. அதிற் சிறிதளவை ஒரு தெளிந்த போத்தலில் வைத்தால், நீர் அடியிலும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்பதை மாணவரும் காணலாம். பின்னர் வடிகட்டியை மாற்றுக. மூடியின் இறப்பர் வளையத்தையும் சோதிக்க. வடித்த கழிவை ஓடையில் ஊற்றலாகாது. நமது ஓடைகள் பல கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியைச் சேர்கின்றன.

நண்பரின் தாங்கியிலோ துரு அரித்த சிறு துவாரமும் இருந்தது. “டீசல்தானே ஐயா, எளிதிற் பற்றாது. தாங்கியும் வெறுமை. முற்றத்திலேயே வெல்டிங் செய்துவிடலாம்” என்றார். பத்தடி தூரத்தில் லயத்துப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

நிறைந்த தாங்கியினுட் காற்றுக்கு இடமில்லை. வெறுந் தாங்கியிலோ சுவரிற் படிந்த எச்சம் வெல்டிங்கின் வெப்பத்தால் ஆவியாகிக் காற்றுடன் கலக்கின்றது. மூடிய கலத்தில் அக்கலவை தீப்பற்றினால் தாங்கி வெடிக்கும். பெற்றோல் தாங்கிக்கு இவ்வளவு வெப்பமும் வேண்டியதில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே அது ஆவியாகும். நீரால் இருமுறை அலசினாலும் ஆபத்து முற்றாக நீங்காது. தாங்கியைத் துப்புரவாக்கி, ஆவி எஞ்சவில்லையெனச் சோதித்து ஒட்டுவது, அதற்குரிய கருவிகளுடைய பட்டறையினரின் வேலை.

நண்பர் இரண்டு நாள் வருமானத்தை இழந்து, பட்டறையிலே வேறொரு தாங்கியைப் பூட்டுவித்தார். இப்போது மாலைதோறும் தாங்கியை நிரப்பியே வண்டியை நிறுத்துகிறார். ஈரக்காற்றுக்கு இடங்கொடாதிருக்க அதுவே எளிய வழி. சிக்கனம் நல்லதே. ஆயினும், எந்த வேலையை நம் கையாற் செய்யலாம், எதை விட்டுவிடவேண்டும் என்று அறிவது அதனினும் நல்லது.