மறுமணமும் முதுசமும்: மௌனம் எவருக்கு நீதி?

கைம்பெண் மறுமணத்தை மேடைகளிற் போற்றாத சீர்திருத்தவாதி இன்று எவருமிலர். ஆயின், இரு வேறு மணங்களின் பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் வாழத் தொடங்கியபின், அக்கூரை நாளை எவருக்கு உரியது என்று வினவுவோர் மிகச் சிலரே. 'சொத்துப் பேச்சு அபசகுனம்', 'அன்புள்ள இடத்தில் எழுத்தெதற்கு' என்னும் இரண்டு வாக்கியங்களால் அவ்வினா அடக்கப்படுகின்றது. 2009 இல் முடிவுற்ற போர் பல்லாயிரம் பெண்களைக் கைம்பெண்களாக்கிய சமூகத்தில் இம்மௌனம் பண்பாடன்று, அநீதியாகும்.

இம்மௌனத்தை மரபென்று கூறுவோர் மரபையே அறியாதவர். 1706-1707 காலப்பகுதியில் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலிமார் பரிசீலித்து ஒப்பிய தேசவழமை, மறுமணத்தை மறைத்துப் பேசவில்லை. தாய் மறுமணம் செய்ய விரும்பின், இறந்த தந்தை கொணர்ந்த சொத்தும் தேடிய தேட்டத்திற் பாதியும் முன்னைய மணத்துப் பிள்ளைகளுக்கென வேறாக்கப்படல் வேண்டும் என அது வெளிப்படையாகவே விதித்தது. கணக்கை முதலில் தீர்த்துப் பின்னர் மணம் செய்தலே முன்னோர் கண்ட நெறி.

இன்றைய நிலை யாது? மனைவியை இழந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு, ஒரு மகனையுடைய கைம்பெண்ணை மணக்கிறார் எனக் கொள்வோம். வீடும் புகையிலைத் தோட்டமும் அவருடைய முதுசம். அவர் மரணசாசனம் எழுதாது இறப்பின், தேசவழமைக்குட்பட்டோர்க்குரிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி முதுசம் முழுவதும் அவர் பெற்ற பிள்ளைகளையே சேரும். மனைவிக்கு அதிற் பங்கில்லை. 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவரது தேடிய தேட்டத்திற் பாதி மட்டுமே அவளுக்குக் கிட்டும். அத்தோட்டத்திற்குப் பதினைந்து ஆண்டுகள் நீரிறைத்த மனைவியின் மகனுக்கோ ஒரு குழி நிலமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவன் அவ்வீட்டிற்கு அந்நியன். பொதுச் சட்டத்துக்குட்பட்ட ஏனையோர்க்கு 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உயிரோடிருக்கும் துணைக்குப் பாதியை அளிப்பினும், மாற்றுப் பிள்ளைக்கு அதுவும் எதனையும் அளிப்பதில்லை.

'முதற் பிள்ளைகளின் சொத்தை வந்தவன் விழுங்கிவிடுவான்' எனக் கூறிக் கைம்பெண்ணின் மறுமணத்தைத் தடுப்போர் மற்றொரு சாரார். தேசவழமையின்படி தந்தையின் முதுசம் அவர் மரணத்தோடே பிள்ளைகளைச் சேர்ந்துவிடுகின்றது. தாயின் சீதனமும் அவளுக்குப்பின் அவள் பெற்ற பிள்ளைகள் அனைவரையுமே சேரும். இரண்டாங் கணவன் அவற்றுக்கு வழியுரிமையாளன் அல்லன். எனவே, இவர்கள் காப்பது பிள்ளைகளின் சொத்தையன்று, பெண்ணின் தனிமையையே. உண்மையில் இடருறுவோர், முதுசவீட்டிற் புகுந்த இரண்டாம் மனைவியும் அவளோடு வந்த பிள்ளையுமே.

பரிகாரம் அரிதன்று. 1844 ஆம் ஆண்டு மரணசாசனக் கட்டளைச் சட்டம் ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பியவாறு எழுதிவைக்கும் சுதந்திரத்தை வழங்குகின்றது. நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள் போதும். திருமணம் முன்னெழுதிய மரணசாசனத்தை வறிதாக்கும் என்பதால் மறுமணத்தின் பின் அதனைப் புதிதாக எழுதுதல் இன்றியமையாதது. வீட்டில் மனைவிக்குச் சீவிய உருத்தை வைத்து, ஆதனத்தைப் பிள்ளைகளுக்கு எழுதினால், இருதிறத்தார்க்கும் நீதி கிடைக்கும். வயதில் இளைய மாற்றுப் பிள்ளையை 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் முறைப்படி மகவேற்பின், அவன் பெற்ற பிள்ளைக்கு ஒப்பான உரிமையடைவான்.

'எழுத்து அவநம்பிக்கையின் அடையாளம்' என்பர். மகளுக்குச் சீதன உறுதி முடிக்காமல் மணவறையில் ஏற்றாத சமூகம், மறுமணத்தில் மாத்திரம் எழுத்துக்கு அஞ்சுவது விந்தையே! அங்கே உறுதி அன்பைக் குறைக்கவில்லையெனில், இங்கே மட்டும் எங்ஙனம் குறைக்கும்? 'அப்பா' என்றழைக்க ஒரு சிறுவனுக்கு உரிமை தந்தவர், தமக்குப்பின் அவன் படலைக்கு வெளியே நிற்காதிருக்கவும் வழிசெய்தல் வேண்டும். அதைச் செய்யாத அன்பு பாதி அன்பே.