45,000 ரூபாய் ஜெட்டுக்கு மலிவு பேட்டரியா? வேண்டாம் தம்பி!

போன வாரம் வண்டியூர்ல டீக்கடையில ஒரு தம்பி பிடிச்சுக்கிட்டார். "அண்ணே, 45,000 ரூபாய்க்கு ஆர்.சி. ஜெட் வாங்கிட்டேன். கையில காசு முடிஞ்சிருச்சு. பேட்டரி மட்டும் மலிவா ஒண்ணு சொல்லுங்க"ன்னார். பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

2018-ல அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி.யோட தக்‌ஷா குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகரா இருந்தாரில்ல, அதுக்கப்புறம் நம்ம பசங்களுக்கு இந்த ஆசை கூடிருச்சுன்னு நினைக்கிறேன். ஆசை தப்பில்லை. கணக்குதான் தப்பாகுது.

என்னைப் பொறுத்தவரை பேட்டரி உதிரிச் செலவு இல்லை. அந்த ஜெட்டுக்குக் கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியம். தம்பி வாங்கினது ஃபேன் வச்ச மின்சார ஜெட். இந்த வகையில பலதுல மோட்டாருக்கும் ரிசீவருக்கும் ஒரே லிப்போ பேட்டரிதான் கரன்ட் கொடுக்கும். அது நடுவானத்துல கைவிட்டா மோட்டாரோட சேர்ந்து கன்ட்ரோலும் போயிரும். மோட்டார் மட்டும் நின்னா எப்படியாவது தரையிறக்கிப் பார்க்கலாம். கன்ட்ரோலே போச்சுன்னா 45,000 ரூபாய் விழுறதை வேடிக்கைதான் பார்க்கணும். அதனால ரிசீவருக்குத் தனியா சின்ன பேட்டரி போடுங்க. ரெண்டு செல் லைஃப் வகை 6.6 வோல்ட், சாதாரண சர்வோவே பொதுவா தாங்கும். ரெண்டு செல் லிப்போ ஃபுல் சார்ஜ்ல 8.4 வோல்ட் வரும். அதைத் தாங்காத சர்வோ கருகிடும்.

இப்ப பெரிய பேட்டரி. 5000 எம்.ஏ.ஹெச்., 20சி-ன்னா 5 x 20 = 100 ஆம்பியர் தரணும். ஆனா மலிவு பேக் மேல அச்சடிச்ச 'சி' நம்பரை நான் கல்யாணத் தரகர் சொல்ற சம்பளம் மாதிரிதான் எடுத்துக்குவேன். நல்ல சார்ஜர்ல செல்லோட உள்தடை மில்லி ஓம்ல காட்டும். வாங்கின அன்னைக்கே குறிச்சு வைங்க. ஒரு செல் மட்டும் தனியா எகிறி நின்னா திருப்பிக் கொடுத்துருங்க.

விலையைப் பார்க்காம ஒரு பறத்தலுக்கு எவ்வளவுன்னு பாருங்க. ஒரு பேச்சுக்கு, 4,000 ரூபாய் பேக் 40 தடவைல உப்பிப்போனா தடவைக்கு 100 ரூபாய். 7,500 ரூபாய் பேக் 150 தடவை வந்தா 50 ரூபாய். எது மலிவு?

நல்ல பேக்கையும் மதுரை வெயில் தின்னுரும். ஃபுல் சார்ஜ் போட்டு மே மாசத்துல கார் டிக்கியில வைக்காதீங்க. பறக்காத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல நிறுத்தி, வீட்டுக்குள்ள சூடு படாத இடத்துல வைங்க. உப்பின பேக்கை 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு தொடவே கூடாது.

சிங்கப்பூர் மாமாகிட்ட வாங்கிட்டு வரச் சொல்றவங்களுக்கு ஒண்ணு: ஆறு செல் 5000 பேக் 111 வாட் ஹவர். 100-ஐத் தாண்டினா விமான நிறுவனத்துகிட்ட முன் அனுமதி வாங்கணும், அதுவும் கைப்பையில மட்டும்தான். மாமாவை மாட்டிவிடாதீங்க.

தம்பிகிட்ட மூணு மாசம் பொறுக்கச் சொல்லிட்டேன். மாசம் 3,000 ஒதுக்கட்டும், அதுவரைக்கும் ஜெட் பெட்டியிலயே இருக்கட்டும். முகம் வாடிருச்சு, ஆனா டீக்காசு அவர்தான் கொடுத்தார்.