புஷ்டியும் பின்னங்காலும்

பெரிய சாதி நாய்க்குட்டியின் பின்னங்கால்கள் கோணி, கணுக்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கக் கண்டால், சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றே பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். உடனே கால்சியம் மருந்து, கூடுதல் பால், கூடுதல் தீனி. களப் பணியாளரிற் சிலரும் இதற்கு உடன்படுவது வருந்தத்தக்கது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு மிகையான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நிரம்பியிராது. சரிவிகித உணவுக்கு மேல் அளிக்கப்படும் கால்சியம், குருத்தெலும்பு எலும்பாக மாறும் முறையையே குலைக்கக்கூடும். வெறும் இறைச்சியும் சோறும் உண்ணும் குட்டியின் நிலை வேறு. அதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு உண்மையே.

தீனியின் அளவோ இதனினும் முக்கியமானது. 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில் 48 லாப்ரடார் குட்டிகள் இணை இணையாக வளர்க்கப்பட்டன. தாராளமாக உண்ட 24-இல் 16-க்கு இரண்டாம் வயதில் இடுப்பு மூட்டுக் கோளாறு காணப்பட்டது. கால் பங்கு குறைத்து உண்ட 24-இல் 7-க்கே. பரம்பரையும் காரணமே, ஆயினும் குட்டி வீடு வந்தபின் உரிமையாளர் கையில் எஞ்சுவது தீனி ஒன்றுதான்.

இத்தகைய குறிப்புகளை மொழிபெயர்க்கையில் நானும் பலமுறை ‘புஷ்டி’ என்றே எழுதியதுண்டு. கொழுத்த குட்டியே நல்ல குட்டி என்னும் எண்ணத்துக்கு அச்சொல்லும் துணைபோயிற்று. இனி ‘அளவான ஊட்டம்’ என்றே எழுத எண்ணுகிறேன். ஆசிரியர்களும் வகுப்பில் அவ்வாறே வழங்கலாம்.

குட்டியின் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஓடுகையில் பின்கால் இரண்டையும் முயல்போல் சேர்த்தெடுத்து வைக்கும் குட்டிக்கு மருந்துச் சீட்டு எழுதாது, எக்ஸ்ரே எடுக்குமாறு கால்நடை மருத்துவரிடம் அனுப்புக.