ஜாகுவார்ல கை வச்சவன் கேஷ் கவுண்டர்ல ஏன் உக்காரணும்?

போன வாரம் ஒரு டி.டி. எடுக்க பேங்குக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தா, கவுண்டருக்குள்ள இருந்து "தம்பி, என்னடா இந்தப் பக்கம்?"னு ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தா கோரக்பூர்ல என்கூட இருந்த சீனியர் அண்ணன். ஜாகுவார் விமானத்தோட இனர்ஷியல் நேவிகேஷன்ல ஒரு ஸ்நாக் வந்தா, ராத்திரி பதினோரு மணியானாலும் அவரைத்தான் ஜீப் அனுப்பிக் கூட்டிட்டு வருவாங்க. இப்ப ஐநூறு ரூபாய்க் கட்டை மெஷின்ல போட்டு எண்ணிக்கிட்டு இருக்கார்.

அண்ணன் சந்தோஷமாத்தான் இருக்கார். சாயங்காலம் நேரத்துக்கு வீடு, பொண்ணு அதே ஸ்கூல், பென்ஷன் தனி, சம்பளம் தனி. வயிறு எரிஞ்சது எனக்குத்தான். அதைத்தான் இங்க கொட்டப் போறேன், பொறுத்துக்குங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஏர்ஃபோர்ஸ்ல ஏர்மேனா சேர்றவன் பெரும்பாலும் ப்ளஸ் டூ முடிச்ச பையன். அக்னிவீர் வர்றதுக்கு முன்னாடி, எங்க காலத்துல முதல் ஒப்பந்தம் 20 வருஷமா இருந்தது. அதாவது முப்பத்தெட்டு, நாப்பது வயசுல பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வருவான். மத்தவன் எல்லாம் மேனேஜர் ஆகிற வயசுல இவன் முதல் தடவையா பயோடேட்டா எழுத உக்காருவான். நானும் அப்படித்தான். 1994ல சேர்ந்தேன், ஜாலஹள்ளியில டிரேடு பயிற்சி, 2014ல வெளிய வந்தேன். ஊர்ல இன்னிக்கும் "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?"னு கேட்பாங்க. நான் சுட்டதெல்லாம் சால்டரிங் அயர்ன்ல என் விரலைத்தான் :-)

முதல் இன்டர்வியூ மறக்கவே முடியாது. விமானப் பராமரிப்பு செய்யற ஒரு கம்பெனி. நாலு பக்க பயோடேட்டா, எல்லாம் ஏர்ஃபோர்ஸ் சுருக்கெழுத்து. எதிர்ல இருந்தவருக்கு என் மகன் வயசுன்னு சொல்ல முடியாது, தம்பி வயசு. புரட்டிப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: "லைசென்ஸ் இருக்கா சார்?" இல்லைன்னேன். "செக்யூரிட்டி சைடுல ஓப்பனிங் இருக்கு, சொல்லட்டுமா?"ன்னார். அவர் கிண்டல் பண்ணலை, நிஜமாவே உதவிதான் செஞ்சார். அதுதான் இன்னும் வலிச்சது.

அன்னிக்கு ராத்திரி யோசிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சது. இருபது வருஷமா நான் ஆயிரக்கணக்கான கையெழுத்து போட்டிருக்கேன். ஃபார்ம் 700ல நான் கையெழுத்து போட்டு, சூப்பர்வைசர் கையெழுத்து போட்டு, அதைப் பார்த்து பைலட் கையெழுத்து போட்டாத்தான் விமானம் நகரும். ஆனா அந்தக் கையெழுத்து என்னோடது இல்லை, யூனிட் எனக்குக் கொடுத்து வச்சது. கேட்டைத் தாண்டும்போது ஐ.டி. கார்டோட சேர்த்து அதையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. சிவில்ல கதை வேற. அங்க விமானத்தை வேலை முடிச்சு விடுவிக்கிற கையெழுத்துக்கு, ஆளோட பேர்ல டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் இருக்கணும். எங்களை மாதிரி ஏவியானிக்ஸ் ஆளுங்களுக்கு அது சி.ஏ.ஆர்-66ல பி2ங்கிற பிரிவு. தனித்தனி மாட்யூலா பரீட்சை, ஒவ்வொண்ணுலயும் 75 சதவீதம் எடுக்கணும். அதுக்கப்புறமும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கு, உதாரணமா ஏ320க்கோ 737க்கோ, டைப் ரேட்டிங் தனியா வாங்கணும்.

நம்ம அனுபவம் செல்லவே செல்லாதான்னா, அப்படியும் இல்லை. ராணுவத்துல செஞ்ச பராமரிப்பு சமமானதுன்னு ஏத்துக்கிட்டா கணக்குல எடுத்துக்கலாம்னு விதியிலயே இடம் இருக்கு. கூடவே சிவில் பராமரிப்புச் சூழல்ல கொஞ்ச காலம் அனுபவம் வேணும்னும் அதே விதி சொல்லுது. இங்கதான் நம்மாளு மாட்டிக்கிறான். சிவில் அனுபவம் வேணும்னா யாராவது வேலை தரணும். வேலை வேணும்னா லைசென்ஸ் கேட்பாங்க. முப்பத்தொன்பது வயசுல, இருபத்திரண்டு வயசுப் பையன்களோட டெக்னீஷியனா சேர்ந்து அவங்ககிட்ட "அண்ணா டார்ச் பிடிங்க"ன்னு கேட்டுக்கணும். சார்ஜென்ட் பட்டையைக் கழட்டறது ஒரு நிமிஷ வேலை, மனசுல இருந்து கழட்ட எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அறிவு பழசாயிடுச்சுன்னு யாராவது சொன்னா மட்டும் எனக்குக் கோவம் வரும். ராணுவ விமானத்துல கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதுக்கு 1553னு ஒரு டேட்டா பஸ் உண்டு. அது நம்ம ஸ்கூல் பி.டி. மாஸ்டர் மாதிரி. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் பையன் வாயைத் திறக்கணும், அதிகபட்சம் 31 பையன்கள். பயணிகள் விமானங்கள்ல நிறைய இருக்கறது ஏரிங்க் 429. அது பஞ்சாயத்து லவுட் ஸ்பீக்கர். ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பார், அதிகபட்சம் 20 பேர் கேட்டுக்கலாம், யாரும் பதில் பேச முடியாது. முதலாவதைக் கரைச்சுக் குடிச்சவனுக்கு ரெண்டாவதைக் கத்துக்க எத்தனை நாள் ஆகும்? ரேடியோ ஆல்டிமீட்டரை எடுத்துக்குங்க. ஜாகுவார் தாழப் பறக்கறதுக்கு அது உயிர். நீங்க சென்னையில இறங்கும்போது காக்பிட்ல "ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி"ன்னு ஒரு மெஷின் குரல் எண்ணுமே, அதுக்குக் கணக்கு கொடுக்கறதும் அந்தக் கருவிதான்.

சரி, அப்புறம் ஏன் அண்ணன் பேங்குக்குப் போனார்? அரசாங்கம் வழி போட்டு வச்சிருக்கறது அந்தப் பக்கம்தான். பொதுத்துறை வங்கி கிளார்க் வேலையில முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீத இடம். நல்ல விஷயம், குறை சொல்லலை. இன்னொரு விதி இருக்கு, அதைப் படிச்சுட்டு சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. பத்தாவது முடிச்சு 15 வருஷம் சர்வீஸ் போட்ட முன்னாள் படைவீரனை, டிகிரி கேட்கற குரூப் சி வேலைக்குப் பட்டதாரி மாதிரியே எடுத்துக்கலாம். ஆனா தொழில்நுட்ப அனுபவம் அவசியமில்லாத வேலையா இருக்கணும். நல்லாக் கவனிங்க. பதினஞ்சு வருஷம் தொழில்நுட்பமே மூச்சா இருந்தவன், தொழில்நுட்பம் தேவைப்படாத இடத்துலதான் பட்டதாரி!

இதுல எங்க தப்பும் இருக்கு. சர்வீஸ் முடியற கடைசிக் கட்டத்துல டி.ஜி.ஆர். மூலமா மறுவாழ்வு கோர்ஸ் போகலாம், 24 வாரம் வரைக்கும் கிடைக்கும். என் பேட்ச்ல பாதிப் பேர் செக்யூரிட்டி, மேனேஜ்மெண்ட்னு எது லேசோ, எது சொந்த ஊர் பக்கமோ அதை எடுத்தோம். நான் எடுத்தது ஏதோ ஒரு மேனேஜ்மெண்ட் கோர்ஸ், சொல்லிக்கொடுத்ததுல பவர்பாயிண்ட் மட்டும் ஞாபகம் இருக்கு. அந்த நேரத்துல ரெண்டு மாட்யூல் எழுதியிருக்கலாம். யூனிஃபார்ம்ல இருக்கும்போதே, கடைசி அஞ்சு வருஷத்துலயே, ஒண்ணொண்ணா எழுத ஆரம்பிச்சிருந்தா இன்னும் நல்லது. நான் எழுதலை. "எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவனுக்கு வெளிய வேலைக்கா பஞ்சம்?"னு கேன்டீன்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம்.

இன்னொரு பக்கம், ஏர்லைன் கிடைக்கலைன்னா வாழ்க்கையே போச்சுன்னு நினைக்கறவங்களோடவும் எனக்கு ஒத்துப்போகாது. எனக்குக் கடைசியில சோறு போட்டது ஆஸ்பத்திரி. மருத்துவக் கருவிகளுக்கு சர்வீஸ் பார்க்கற ஒரு சின்ன ஏஜென்சியில சேர்ந்தேன். சேர்ந்த மூணாவது மாசம், எலும்பு ஆபரேஷனுக்குப் பயன்படுத்தற சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் ஒண்ணு, ஆபரேஷன் நடுவுல படம் விட்டு விட்டு வருது. ரெண்டு பேர் போய்ப் பார்த்து போர்டை மாத்தியும் தீரலை. நிறுத்தி வச்சு டெஸ்ட் பண்ணா எல்லாம் சரியா இருக்கு.

எனக்கு உடனே பழைய ஞாபகம். ஒரு விமானத்துல ரேடியோ ஆல்டிமீட்டர் வானத்துல மட்டும் தகராறு பண்ணும், தரைக்கு வந்தா சமர்த்தா இருக்கும். எழுதி வச்ச ஸ்நாக் எல்லாம் திரும்பப் படிச்சோம். எல்லாமே விமானம் இறுக்கித் திரும்பும்போது வந்தது. கடைசியில ஒரு கோ-ஆக்ஸ் கேபிள் கிளாம்புல உரசித் தேஞ்சிருந்தது. ஆஸ்பத்திரியிலயும் அதே மாதிரி அந்த டெக்னீஷியன் பொண்ணுகிட்ட, "எந்தெந்த நேரம் போச்சும்மா, ஞாபகம் இருக்கறதை எல்லாம் சொல்லு"ன்னு ஒரு பேப்பர்ல எழுதினேன். ஆர்மை ஒரு கோணத்துக்கு மேல சாய்க்கும்போது மட்டும்தான் போகுது. அந்தக் கோணத்துல வச்சுக்கிட்டு கேபிளை ஒவ்வொண்ணா மல்டிமீட்டர்ல பார்த்தா, வளையற இடத்துல உறைக்குள்ள ஒரு கம்பி அறுந்திருக்கு. டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஏஜென்சி முதலாளி அன்னிக்குத்தான் என்னை "மிலிட்டரி"ன்னு கூப்பிடறதை நிறுத்திட்டு பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

பயோடேட்டாவை மாத்தினேன். எந்த ஸ்குவாட்ரன், எந்த சுருக்கெழுத்து எல்லாம் போச்சு. "நகரும்போது மட்டும் வர்ற பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியும். வேலை முடிச்சா டூல் எண்ணிட்டுத்தான் மூடியைப் போடுவேன். செஞ்சதை எழுதி வைப்பேன்." இதைத்தான் கொஞ்சம் இங்கிலீஷ்ல நாசூக்கா எழுதினேன். மெட்ரோ சிக்னலிங், கேலிபரேஷன் லேப், டேட்டா சென்டர் எங்க வேணும்னாலும் இந்த மூணுக்கும் விலை உண்டு. ராணுவ ரகசியம் எதையும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இப்ப எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, அக்னிவீர் பசங்க. 2022 கடைசியில சேர்ந்த முதல் பேட்சுக்கு 2026 கடைசியில நாலு வருஷம் முடியுது. அதிகபட்சம் கால்வாசிப் பேரை வச்சுக்குவாங்க. மத்தவங்க கையில சுமார் 11.71 லட்சத்தோட வெளிய வரணும், பென்ஷன் கிடையாது. 15 வருஷக் கணக்குல வர்ற பட்டதாரி அந்தஸ்தும் கிடையாது. எங்களுக்கு வேலை கிடைக்கற வரைக்கும் பென்ஷன் அரிசி வாங்கிப் போட்டுச்சு. இவங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அவங்க செஞ்ச பராமரிப்பு வேலையை, வெளியில செல்லற மாதிரி நாள்வாரியா ஒரு லாக்புக்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்து அனுப்பணும். பெரிய செலவே இல்லாத காரியம். அதைக்கூடச் செய்யாம ஒரு சர்டிஃபிகேட்டை மட்டும் கையில கொடுத்தா, இருபத்திரண்டு வயசுலயே "செக்யூரிட்டி சைடுல ஓப்பனிங் இருக்கு"ன்னு கேட்கப் போறாங்க.

பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் அப்படி உள்ள இருக்கான். லீவுல வந்தப்ப, "சித்தப்பா, இப்பவே என்ன செய்யணும்?"னு கேட்டான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன். தேதி, என்ன வேலை, எந்த மேனுவல் பார்த்து செஞ்சது, யார் மேற்பார்வை. விமான நம்பரும் யூனிட் பேரும் மட்டும் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாடி உன் சார்ஜென்ட்கிட்ட அனுமதி கேட்டுக்கோடான்னும் சொன்னேன். சார்ஜென்ட் திட்டினாராம். ஆனா மறுநாள் கூப்பிட்டு, நோட்டை வாங்கிப் பார்த்தாராம்.

டிஸ்கி: கேன்டீன் சரக்கு கேட்டு மெயில் அனுப்பற நண்பர்கள் கவனத்துக்கு, இந்த மாசக் கோட்டா போன வாரமே தீர்ந்துடுச்சு. அண்ணன்கிட்ட வேணும்னா கேளுங்க, மூணாம் நம்பர் கவுண்டர்.