பரணில் கிடக்கும் பழைய சூப்பர் ஹீரோ பொம்மை: எடைக்குப் போடலாமா, சேகரிப்பாளருக்கு விற்கலாமா?

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவையை யாரும் சும்மா தூக்கிப் போடுவதில்லை. கிழிந்திருந்தாலும் அதில் இருக்கும் ஜரிகைக்கு ஒரு விலை உண்டு என்பது ஏனாத்தூரில் இருந்து பிள்ளையார்பாளையம் வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டுப் பரணில், பழைய பாடப் புத்தகங்களுக்கு நடுவில், கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் வீரன் கிடந்தால்? போகி வந்தால் குப்பைக்கு, இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரருக்கு. அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். உலகம் முழுக்க 1960, 70, 80-களின் சூப்பர் ஹீரோ பொம்மைகளுக்கு ஒரு பெரிய சேகரிப்புச் சந்தை இருக்கிறது. அதன் மையம் ஜப்பான். ஆனால் அந்தச் சந்தையில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் பொம்மைகளுக்கும் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஜப்பான் பொம்மைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1966-ல் ஜப்பான் டிவியில் 'அல்ட்ராமேன்' ஒளிபரப்பானது. அதே ஆண்டு மாருசான் நிறுவனம் அதில் வரும் ராட்சத மிருகங்களை மென்மையான வினைல் பொம்மைகளாக வார்த்து விற்றது. இந்த வகை பொம்மைக்கு 'சொஃபுபி' என்று பெயர். 1971-ல் 'காமென் ரைடர்' வந்தது. பண்டாய் நிறுவனத்தின் துணை நிறுவனமான பாப்பி, அந்த ஹீரோவின் பெல்ட்டைப் பொம்மையாக்கி அள்ளியது. 1974-ல் அதே பாப்பி, 'மாஸிங்கர் இசட்' ரோபோவை உலோகத்தில் வார்த்து 'சோகோகின்' வரிசையைத் தொடங்கியது.

டிவியில் கதை, கடையில் பொம்மை என்ற இந்தக் கூட்டணியில் வளர்ந்த பிள்ளைகள்தான் பின்னாளில் சம்பாதிக்கத் தொடங்கியதும் அதே பொம்மைகளைத் தேடி வந்தார்கள். விளையாடி உடைந்தது போக மிச்சம் இருப்பது குறைவு, கேட்பவர்கள் அதிகம். விலை ஏறுவதன் ரகசியம் இதுதான்.

நமக்கும் இந்த உலகம் முற்றிலும் புதிதல்ல. 80-களில் தூர்தர்ஷனில் 'ஜெயன்ட் ரோபோ' பார்த்தவர்களை வீட்டில் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். 1967-ல் ஜப்பானின் டோயெய் நிறுவனம் தயாரித்த தொடர் அது.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சின்ன வம்சாவளி சொன்னால் புரியும். 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்ற ஒரு அடி உயர ராணுவ வீரன் பொம்மையைக் கொண்டுவந்தது. அதை ஜப்பானில் விற்ற டகாரா நிறுவனம், 1972-ல் அதே உடல் அமைப்பை வைத்துக் கண்ணாடி போன்ற உடலுள்ள 'ஹென்ஷின் சைபார்க்' செய்தது. அதற்கு அல்ட்ராமேன், காமென் ரைடர் வேஷங்களைத் தனியாக வாங்கி மாட்டலாம். 1974-ல் அது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி 'மைக்ரோமேன்' ஆனது. அந்த வழியில் வந்த டகாரா ரோபோக்களைத்தான் 1984-ல் ஹாஸ்ப்ரோ 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயர் மாற்றி உலகம் முழுக்க விற்றது.

இதற்கிடையே 1982-ல் ஜி.ஐ. ஜோவும் குட்டியாக மறுபிறவி எடுத்தது. 1987-ல் எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து இந்தியாவில் ஃபன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கின. இன்று அதன் தொழிற்சாலைகள் கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கின்றன. ஏனாத்தூர் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போனால் ராணிப்பேட்டை வந்துவிடும்.

ஃபன்ஸ்கூல் இங்கே ஜி.ஐ. ஜோ வீரர்களைத் தயாரித்தது. அச்சு வெளிநாட்டுடையது, ஆனால் பல பொம்மைகளில் நிறமும் துணைப் பொருட்களும் அமெரிக்கப் பதிப்பில் இருந்து மாறின. அமெரிக்காவில் அந்த வரிசை 1994-ல் நின்ற பிறகும் இங்கே தயாரிப்பு தொடர்ந்தது. அன்று 'லோக்கல்' என்று நினைத்த அந்த வித்தியாசம்தான் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களை இந்தியப் பதிப்பைத் தேட வைக்கிறது.

விலையை எது முடிவு செய்கிறது?

கொலு வைக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய தசாவதார செட்டில் ஒரு அவதாரம் உடைந்தால் மீதி ஒன்பதுக்கும் மதிப்பு குறைகிறது அல்லவா? இங்கேயும் அதேதான். துப்பாக்கி, ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் சேர்ந்திருந்தால் ஒரு விலை. வெறும் பொம்மைக்கு வேறு விலை. பிரிக்காத அட்டையோடு இருந்தால் அது தனிக் கணக்கு. அட்டையில் இந்தியத் தயாரிப்பாளர் பெயரும் ரூபாய் விலையும் இருந்தால் அதுவே ஒரு சான்று.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்:

முதலாவது, பொம்மையின் முதுகிலோ காலடியிலோ இருக்கும் ஆண்டு. '1966' என்று பொறித்திருந்தால் அது 1966-ல் செய்த பொம்மை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது கதாபாத்திரத்தின் காப்புரிமை ஆண்டு அல்லது அச்சு உருவான ஆண்டு. பழைய அச்சில் பின்னாளில் வார்த்த மறுபதிப்புகள் நிறைய இருக்கின்றன. அவை போலி அல்ல. ஆனால் அசல் விலைக்கு உரியவையும் அல்ல. பெட்டி, பெயின்ட், பிளாஸ்டிக்கின் தன்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஆன்லைனில் காட்டும் விலை. ஒருவர் இபேயில் பெரிய தொகை போட்டிருக்கிறார் என்பதற்காக அதுதான் சந்தை விலை ஆகிவிடாது. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

ஜப்பானில் இருந்து வாங்கினால் என்ன ஆகும்?

பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் மத்திய அரசு 20 சதவீதத்தில் இருந்து 60 ஆக்கியது. 2023-ல் அது 70 ஆனது. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்குச் சுங்கத்தில் தனி வகைப்பாடும் உண்டு. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், ஆர்டர் போடும் முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். வரி, பொம்மையின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும்.

'கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லிடலாம்' என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள். 2019 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி, உயிர்காக்கும் மருந்து, ராக்கி தவிர மற்றவற்றைத் தபாலிலோ கூரியரிலோ பரிசு என்ற பெயரில் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது.

மொத்தமாக வரவழைத்து விற்கலாம் என்றால் அடுத்த சிக்கல். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 1970-களில் டோக்கியோவில் வார்த்த பொம்மையில் அந்த முத்திரை எப்படி இருக்கும்? 'இது பழம்பொருள்' என்றும் வாதாட முடியாது. சுங்கக் கணக்கில் பழம்பொருள் என்றால் 100 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். முதல் அல்ட்ராமேன் பொம்மைகளுக்கே அந்தத் தகுதி 2066-ல்தான் வரும். ஆகவே இதைத் தொழிலாக எடுப்பவர்கள் முதல் பார்சலுக்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் பேசிவிடுவது நல்லது.

விற்றால் வரி உண்டா?

சின்ன வயதில் விளையாடிய சொந்தப் பொம்மையை விற்பதும், வாங்கி வாங்கி விற்பதும் ஒன்றல்ல. சொந்த உபயோகத்துக்கான பொருளை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி வராது. லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்றால் அது வியாபார வருமானம். வெளிமாநிலத்துக்கும் விற்பதாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

பரணில் இருப்பதை முதலில் கீழே இறக்குங்கள். கூரைக்கு அடியில் தேங்கும் வெயில் சூடு பழைய வினைலைப் பிசுபிசுக்க வைக்கும். நேரடி வெளிச்சம் வெள்ளைப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். ஜி.ஐ. ஜோ இடுப்பில் இரண்டாகப் பிரிந்து கிடந்தால் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து அறுந்திருக்கும், மாற்றிவிடலாம். ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால்தான் மதிப்பு போகும். புதிதாகப் பெயின்ட்டும் அடிக்க வேண்டாம்.

சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது தங்கம் மாதிரி எந்தக் கடையிலும் அன்றே காசாகும் பொருள் இல்லை. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஆர்வம் இருக்கும்வரைதான் விலை. 'முதலீடு' என்று இஎம்ஐ போட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். வீட்டில் வைத்துப் பார்க்கப் பிடித்ததை, கையில் இருக்கும் காசுக்கு வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை மட்டும், இந்தத் தடவை பேப்பர்காரர் வரும்போது ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.